நான் எடுத்ததாகச் சொல்லப்படும் படம்

இந்தக் கதையை நான்கு வருடமாக நான் முழுசாக நம்பவில்லை. சொன்னவள் என் மனைவி அஞ்சம்மாள் என்பது மட்டும் காரணமில்லை. கதையில் நான் கெட்டிக்காரனாக வருகிறேன். அதுதான் உதைக்கிறது.

2005-இல் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி ஆண்டு விழாவுக்குப் புகைப்படப் போட்டி. முதல் பரிசுப் படம் காலண்டரில் வரும். "அது என் படம்தான்" என்று கேண்டீனில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் யோசித்துவிட்டுப் பேச வேண்டும். நான் பேசிவிட்டு மூன்று மாதம் யோசித்தேன்.

கேமராவில் இருபத்து மூன்று மோடு. பட்டாசுக்கு ஒன்று, பனிமலைக்கு ஒன்று. கும்மிடிப்பூண்டியில் பனிமலைக்கு எங்கே போவது? எதைப் பார்த்தாலும் 'இதில் கலை எங்கே?' என்று மனசு கேட்கும். கை நின்றுவிடும். காத்திருந்து அலுத்து, கேமராவே தானாக அணைந்துவிடும்.

"இன்னாய்யா, தெனம் தொடச்சித் தொடச்சி உள்ள வெக்கிற?"

"கலை உள்ளேர்ந்து வரணும்மே."

"அது இன்னா ஏப்பமா? இந்தா, இட்லி சூடா கீது. அத்த ஒண்ணு எடு."

"இட்லியா! நீ இதுமேல கை வெக்காத. லென்ஸு பூடும்."

கேமராவை பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். பீரோவுக்கு இரண்டு சாவி உண்டு என்பதெல்லாம் கலைஞன் யோசிக்கிற விஷயமில்லை.

ஞாயிறுதோறும் ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போவேன். கண்ணுக்கெட்டிய தூரம் லாரி வரிசை. நாற்பது படம் எடுப்பேன். திரும்பும்போது பஸ்ஸிலேயே நாற்பதையும் அழிப்பேன். அஞ்சம்மாளின் அக்கா சந்திரகலா வாழ்வதும் அதே ஊரில்தான். நான் ஷிப்டில் இருக்கும் நாட்களில் இவள் போய்வருவாள்.

படம் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. "இன்னா ஆர்ட்டிஸ்ட்டு, படம் எப்போ ரிலீஸு?" என்று ஃபோர்மேன் ஆதிகேசவன் முந்தின நாள்தான் கேட்டிருந்தார். வயிற்றுவலி என்று லீவு போடத் தீர்மானித்துப் படுத்திருந்தேன். அஞ்சம்மாள் ஒரு பிரிண்டை என் நெஞ்சின் மேல் வைத்தாள்.

லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஒரு டிரைவர் ஷேவ் செய்கிறார். பாதி முகம் நுரை. பின்னால் இரண்டு லாரிக்கு நடுவே கயிறு கட்டி ஏழு லுங்கிகள் காய்கின்றன. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"யார் எடுத்தது?"

"நீதான். போன ஞாயித்துக்கெழம."

"எனக்கு ஞாபகமே இல்லியே."

"கல்யாண நாளே உனக்கு ஞாபகம் இல்ல."

"நான்தான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனே!"

"இருவத்தி மூணு மோடும் புரியல, அழிக்கறது மட்டும் ஒழுங்கா வந்துச்சாக்கும்? ஒண்ணு தப்பிச்சிக்கினு உள்ளயே குந்திக்கினு இருந்திச்சி."

"பீரோவ எப்படித் தொறந்த?"

"உனக்குப் பரிசு வேணுமா, பதில் வேணுமா?"

நியாயமான கேள்வி. எழுந்து சட்டை போட்டேன்.

முதல் பரிசு எனக்குத்தான். ஆதிகேசவனே கை கொடுத்தார். ஒரு வருடம் முழுக்க அந்தக் காலண்டர் என் இயந்திரத்துக்கு எதிரே தொங்கியது. ஜனவரியிலேயே கவனித்துவிட்டேன். லாரிக் கண்ணாடியில், நுரைக் கன்னத்தை ஒட்டி, பச்சையாக ஏதோ தெரிகிறது. ஓரத்தில் ஜரிகை. வீட்டில் கேட்டேன்.

"அது லுங்கியா இருக்கும்யா."

"லுங்கிக்கு ஜரிகை இருக்குமாம்மே?"

"வசதியான டிரைவரா இருப்பாரு."

அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்தால், காலண்டரில் என் பெயராக அச்சடித்த துளசிராமன் யார்?

நடுவில் போட்டியே நடக்கவில்லை. இந்த வருடம் மறுபடி அறிவித்திருக்கிறார்கள். மூன்று மாதமாகக் கேமராவைத் துடைக்கிறேன். ஒரு படமும் இல்லை. நாளை கடைசி நாள்.

இன்று காலை அஞ்சம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவோடுதான் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வருடக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கூடவே ஆதிகேசவனின் முகமும் வந்தது.

"அஞ்சம்மா," என்றேன், "இந்த வருஷம் நான் எந்தப் படத்தை எடுத்திருக்கேன்?"