மனைவிக்கு ஒரு சைலன்சர்

சத்தத்தைக் கையில் தூக்கி நிறுத்துப் பார்க்கத் தெரிந்த மனிதர் லண்டனில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் சைலன்சர் அண்ணை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால், அவர்கள் இல்ஃபோர்டில் பழைய கார் வைத்திருந்ததில்லை என்று அர்த்தம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், அவருடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பவன் நான் என்பதால். மற்றவர்களுக்கு அவர் சைலன்சர் அண்ணை. கார்களுக்குப் புகைக்குழாய் மாற்றும் கராஜ் வைத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் புகைக்குழாயைச் சைலன்சர் என்றுதானே சொல்வார்கள். கார் தெருமுனையில் திரும்பும்போதே, குனிந்த தலை நிமிராமல், குழாய்க்குள்ளே சத்தத்தை அடக்கும் தட்டுகளில் இரண்டாவது துருவேறிக் கறள் பிடித்துவிட்டது என்பார். கழற்றிப் பார்த்தால் சரியாக இரண்டாவது தட்டு! எனக்கு உடம்பு புல்லரிக்கும்.

இந்த மனிதர் கென்ட் பக்கம் ஒரு விவசாயியின் வண்டியைத் திருத்தப் போனார். போன இடத்தில், மான்கள் பயிரைத் தின்று தீர்க்கின்றன என்று விவசாயி அழாக்குறையாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் லண்டனில் வீடு வாங்குவார்கள், கடை வாங்குவார்கள். அண்ணை அந்த மான்களைச் சுட லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வாங்கினார். அதுவும் சின்னத் துவக்கா? தோட்டா ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்.

மங்கை அக்கா இல்லாமல் அண்ணை எங்கும் போகமாட்டார். அக்கா அவருடைய மனைவி. முதல் நாள் தோட்டத்துக்கும் கூடவே போய், ஒடுங்கிய ஒழுங்கையில் காருக்குள் பிளாஸ்கோடு இருந்தார். அண்ணை ஒரு வெடி வைத்தார். திரும்பி வந்து பார்த்தால் சீட்டில் ஆள் இல்லை. அக்கா சீட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

ஊரில் சண்டைக் காலத்தில் பங்கருக்குள் வளர்ந்த பிள்ளை அவர். நவம்பரில் வாணவேடிக்கை தொடங்கினாலே மேசைக்கடியில்தான் சாப்பாடு. இனி அந்தப் பக்கம் வரமாட்டேன், நீங்கள் தாராளமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் இல்லாமல் போக அண்ணையால் முடியவில்லை. துவக்கு இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. மூன்று மாதமாகக் கராஜில் அண்ணையின் வாயிலிருந்து சொல்லே வரவில்லை. எந்தத் தட்டு கறள் பிடித்தது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

பிறகு ஒருநாள் படிவத்தோடு வந்தார். துவக்குக்குச் சைலன்சர் பூட்டவேண்டுமாம், அதற்கும் போலீசின் அனுமதி வேண்டுமாம். காரணம் என்ற இடத்தில், காதைப் பாதுகாக்க என்று எழுதச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் கையாலேயே 'என் மனைவிக்காக' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மனைவிக்குச் சைலன்சரா? அடுத்த வாரமே ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்து நின்றார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி முதலில் அக்காவையும் என்னையும் மட்டும் குசினிக்குள் கூட்டிப்போய், வீட்டில் எல்லாம் நலம்தானா என்று விசாரித்தார். அக்கா அதை உபசாரம் என்று நினைத்து, நலம் என்று சொல்லி, நாலு வடையும் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து அண்ணையிடம், ஊரில் இருந்த காலத்தில் எப்போதாவது துவக்குப் பிடித்ததுண்டா என்று கேட்டார். அண்ணை நிதானமாகச் சொன்னார்:

"நான் பிடிச்சதில்லை எண்டு சொல்லு தம்பி. எங்களைப் பாத்துத்தான் பிடிச்சவங்கள்."

மொழிபெயர்த்தேன். அதிகாரி வடையைக் கீழே வைத்தார். பிறகு மங்கை அக்காவைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

துவக்குக் கடைக்காரர் நல்ல மனிதர். மூன்று சைலன்சரை எடுத்து வைத்து, எது எத்தனை டெசிபல் குறைக்கும் என்று விளக்கினார். அண்ணை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒவ்வொன்றையும் தேங்காய் வாங்குவதுபோல் விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே எத்தனை தட்டு, எவ்வளவு இடைவெளி என்று தட்டியே சொன்னார். கடைக்காரர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாக அதை மூடிவைத்தார். ஆனாலும் ஒன்று சொன்னார்: படத்தில் வருவதுபோல் 'புஸ்' என்று எதுவும் கேட்காது, குண்டு சத்தத்தைவிட வேகமாகப் போகிறது, அது காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்தச் சைலன்சராலும் மறைக்க முடியாது. அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கும் இடம் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அக்காவைக் கூட்டி வந்திருந்தோம். தூரத்தில் கார், கண்ணாடிகள் பூட்டியபடி. அக்காவின் கையில் விளிம்புவரை தேநீர் நிரப்பிய சில்வர் டம்ளர். கடைக்காரரிடம் டெசிபல் மீட்டர் இருந்தது. அண்ணைக்கு அந்த டம்ளர்தான் மீட்டர்.

முதலாவது, கைக்கு அடக்கமான அழகான சாமான். டம்ளர் காலியாயிற்று; அக்கா சீட்டுக்குக் கீழே. இரண்டாவது விலை கூடியது, காற்றுப்போல் பாரமில்லாதது. அரை டம்ளர் மடியில் கொட்டியது. அக்காவின் கண் கலங்கியிருந்தது. போதும், வீட்டை போவம் என்றார். ஒருமுறை, இந்த ஒரே ஒருமுறை என்று அண்ணை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

மூன்றாவது இரும்பு. பூட்டியதும் துவக்கு உலக்கை மாதிரி ஆகிவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தால் தோள் போய்விடும், நானாக இருந்தால் வாங்கவே மாட்டேன் என்றார் கடைக்காரர். அண்ணை சுட்டார். உடனே துவக்கை வைத்துவிட்டு, அறுபது வயது மனிதர் காரை நோக்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

டம்ளரில் தேநீர் தளும்பாமல் இருந்தது. அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"ஆரோ கார்க் கதவை அடிச்சுச் சாத்தினமாதிரிக் கேட்டுது. நீங்கள் எப்ப சுடப்போறியள்?"

அண்ணை டம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு திரும்பிப் போய், அந்த இரும்புச் சைலன்சருக்குக் காசு கொடுத்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மான் இறைச்சிக் கறி வரும். வெள்ளிக்கிழமை வராது, அக்கா விரதம். அண்ணையின் வலது தோள் இடது தோளைவிட ஓர் அங்குலம் தாழ்ந்துவிட்டது. கேட்டால் வயது என்கிறார்.

போன மாதம் லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவம் வந்தது. காரணம் என்ற இடம் வந்ததும், அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. என் கையாலேயே எழுதினேன்: 'மனைவிக்காக.'