செங்கை மகானின் நீல சோப்பு

வாடகை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள். 'அந்த' நோய் ஆயிற்றே! அங்கே தரும் சோப்பில் கை கழுவியதும் செங்கை மகான் தீர்த்தம் ஊற்றுவார், நோயாளியின் கை சிவக்கும். அவர் தரும் கஷாயத்தைக் குடித்துவிட்டு மறுபடி வந்தால் சிவக்காது. ஊசி வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். கிருமிகூட மகானைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புமாம்!

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பால்வினை நோய் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று துருவித் துருவி விசாரித்து, பரவாமல் தடுப்பது அவள் உத்தியோகம். தலை நரைத்ததே அதில்தான். இப்போது கிருமி சொந்த வீட்டுக்கே வந்துவிட்டது. தங்கையின் கணவனுக்கு சிபிலிஸ். முதல் ஊசியோடு ஓடிப்போய் மகானிடம் சரணடைந்துவிட்டான். பக்கத்தில் நிற்கும் தங்கைக்கோ ஏழாம் மாதம்.

"மாப்பிள்ளை, நீங்களும் அவளும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. பிள்ளைக்கும் தொத்திக்கும்."

"எனக்குத்தான் கை சிவக்கலையே!"

"புதுசா வர்றவங்களுக்கு நீல சோப்பு. கஷாயம் குடிச்சவங்களுக்கு வெள்ளை சோப்பு. ஏன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மகானிடம் போய்க் கேள்வி கேட்பதா, சிவசிவா!

டாக்டரம்மா மேடையேறினாள். "சாமி, நீங்களே நீல சோப்புல கை கழுவிக் காட்டுங்க. பார்க்கிறவங்களுக்குத் தைரியம் வரும்."

"நாம பரிசுத்தம். நமக்கெதுக்கு?"

"பரிசுத்தம்னா சிவக்காதே, நீட்டுங்க!" என்றபடி தங்கை வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறிவந்தாள். மகானின் கையைப் பிடித்து, அடிப்பிடித்த பாத்திரத்தைப்போல நீல சோப்பால் தேய்த்தாள். அக்கா தீர்த்தத்தை ஊற்றினாள்.

மணிக்கட்டு வரை சிவந்தது!

டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் தினமும் கேட்கும் அதே கனிவான குரலில் கேட்டாள்: "பயப்படாதீங்க. நோய்தான், குத்தமில்லை. கடைசி மூணு மாசத்துல யார் யார்கூட இருந்தீங்க? அவங்களுக்கும் ஊசி போடணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், மண்டபமே அதிர்ந்தது. சிரித்த சிரிப்பில் முகத்துணிகள் நழுவின.

"ஐயோ, நோய் இல்லம்மா! நீல சோப்புல சலவை சோடா இருக்கு! சோடா பட்டா சிவக்கிற மருந்தைத் தண்ணியில கலந்திருக்கேன்!" என்று மகான் அலறினார். வாழ்நாளில் அவர் சொன்ன முதல் உண்மை.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"ஊசி அங்கே இல்ல, மாப்பிள்ளை. திரும்பிப் படுங்க," என்றாள் டாக்டரம்மா. அடுத்த கட்டிலில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த தங்கை சிரித்த சிரிப்பில் வயிற்றுப் பிள்ளையும் ஓர் உதை விட்டது.

கையை நீட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள், ஐயா. கேள்வி கேட்டு எவனுக்கும் நோய் தொற்றியதில்லை!