ரோஸ் சிரப் பாட்டிலில் டீசல்

பட்டியல் போடுகிறவர்களை நம்பாதீர்கள். நான் போடுகிறவள், அதனால்தான் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் என்ஜினியரிங் டிப்ளோமா முடித்த இரண்டாவது மாதம். சிங்கப்பூரில் பூன் லே பக்கம் அப்பாவுக்கு ஒரு சின்ன கோடவுன், ஒரே ஒரு லாரி. ஜொகூரிலிருந்து வாழையிலையும் பூவும் ஏற்றிவந்து லிட்டில் இந்தியா கடைகளுக்குப் போடுவது தொழில். ஓட்டுபவர் பாரூக் அண்ணன். நான் தொடக்கப்பள்ளிக்குப் போனதே அவர் லாரியின் முன்சீட்டில்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரம் லாரி முக்க ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்கியது. பின்னால் கறுப்புப் புகை. அப்பா என்னைப் பார்த்தார். (படிக்க வைத்ததற்கு ஏதாவது பலன் வேண்டுமல்லவா!) நோட்டை எடுத்தேன். ஒன்று, காற்று வடிகட்டி. இரண்டு, டீசல் வடிகட்டி. மூன்று, இன்ஜெக்டர். நான்கு, டீசலின் தரம். முதல் மூன்றையும் திறந்துகூடப் பார்க்காமல் ‘சரி’ போட்டேன். நான்காவதில்தான் என் படிப்பைக் காட்ட இடம் இருந்தது.

வீட்டு அடுப்படியிலிருந்து அவசரமாக எடுத்துவந்த காலி ரோஸ் சிரப் பாட்டிலில் டேங்க் டீசலைப் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்தேன். அடியில் கோடு போட்டதுபோல் தண்ணீர்!

அப்பா, பாரூக் அண்ணன், பூ கட்டும் அக்கா எல்லார் முன்னாலும் விளக்கவுரை ஆற்றினேன். எல்லா டீசலும் ஒன்றல்ல. ஒன்று சட்டென்று பற்றும், இன்னொன்று தயங்கும். டிரம்மில் நாள்கணக்கில் கிடந்தால் தண்ணீர் சேரும், லாரி இழுக்காது.

“அண்ணே, ஜொகூர்ல எங்க எண்ணெய் ஊத்துனீங்க? ஸ்டேஷன்லயா, இல்ல காச மிச்சம் புடிக்க டிரம்லயா?”

“எப்பவும் ஊத்துற ஸ்டேஷன்தான்மா.”

“அப்ப இந்தத் தண்ணி வானத்துலேர்ந்து குதிச்சுச்சா?”

(இதைச் சொன்னது நான்தான். எழுதும்போதே காது சுடுகிறது.)

அப்பா பாட்டிலைப் பார்த்தார், பாரூக் அண்ணனைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் அவரிடம் பேசியிராத குரலில், “பாரூக், சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போங்க. பண்டிகை முடியட்டும், பேசுவோம்” என்றார்.

பாரூக் அண்ணன் சாவியை மேசைமேல் சத்தம் வராமல் வைத்தார்.

அப்போதுதான் அம்மா சாப்பாட்டோடு உள்ளே வந்தார். “ஏய், என் சிரப் பாட்டில இங்கயா கொண்டாந்த? காலையிலதான் கழுவி வச்சேன், இன்னும் காயக்கூட இல்ல!”

பூ கட்டும் அக்கா தன் கண்ணாடி டம்ளரைத் துணியால் துடைத்து நீட்டினார். “இதுல புடிச்சுப் பாரு லா. காஞ்சிருக்கு.”

பிடித்தேன். கால் மணி நேரம் எல்லாரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பாரூக் அண்ணன் லாரிக்குப் போய்க் காற்று வடிகட்டியைத் திறந்தார். பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் தூசி முழுக்க அதில் குடியேறியிருந்தது. கறுப்புப் புகை வந்தால் முதலில் காற்றைப் பார் என்பது முதலாண்டுப் பாடம். அதில் நான் ‘ஏ’ வாங்கியவள்.

“மன்னிச்சிருங்கண்ணே.”

“விடும்மா. சின்னப் புள்ள லா நீ.”

எனக்கு அப்போது இருபது வயது. அப்பா சாவியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் யார்மேல் பழி போட்டாலும், “பாட்டில் காஞ்சிருச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாரூக் அண்ணன் மட்டும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றியதும், வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும், ஸ்டேஷன் ரசீதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைக்கிறார். சத்தம் வராமல்.