பன் வாங்கி வருகிற ஆள் நான் இல்லை

அன்புள்ள மச்சினி லவானுக்கு,

உன் அத்தான் ஆர்டன் எழுதுவது. இங்கே நானும் பசுக்களும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாயிருக்கக் கர்த்தர் துணைசெய்வாராக. மினசோட்டாவில் பனி இன்னும் முழங்கால் வரை கிடக்கிறது. சுகம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய ஸ்லோ குக்கரை, நாள் பூரா மெள்ள வேகவைக்கிற அந்தக் கரண்ட் பாத்திரத்தை, இந்த வாரமே தபாலில் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அக்கா மர்னா கண்ணை மூடியதிலிருந்து சர்ச்சில் என் வீட்டை வீடாகவே மதிப்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமைகளில் சர்ச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம் போகவேண்டும் அல்லவா? சர்ச் சமையலறையை ஆளுகிற ஜெனிவீவ் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க சிரமப்படாதீங்க ஆர்டன், கடையில பன்னு வாங்கிட்டு வந்தாப் போதும்." பன் கொண்டுவருவது யார்? கல்யாணமாகாத பையன்களும் சமைக்கத் துப்பில்லாதவர்களும். மர்னா இருந்தவரை எங்கள் மாட்டிறைச்சிப் பாத்திரம் ஒரு தடவையாவது காலியாகாமல் திரும்பியிருக்குமா? எனக்கு ரோஷம் வந்தது தப்பா?

அதை உன்னிடம் சொல்லப்போய்த்தான் இந்தக் குக்கர் வந்தது. "போட்டுட்டு மறந்துடுங்க அத்தான், அதுவே பாத்துக்கும்" என்றாய். எப்படி மறப்பது? கன்று போடுகிற பசுவைக்கூட நான் அப்படி விட்டதில்லை. சும்மா சும்மா மூடியைத் தூக்கிப் பார்த்தேன், கரண்டியால் குத்தினேன், மறுபடி மூடினேன், மறுபடி தூக்கினேன். திறந்தால் சூடெல்லாம் போய்விடும் என்று போனில் நீ சொல்லும்போது பொழுது சாய்ந்துவிட்டது, கறி செருப்புத் தோல் மாதிரி கிடந்தது. இரும்புச் சட்டியில் மதியத்துக்குள் முடிகிற வேலைக்கு ஒரு பகலையே தின்கிற பாத்திரம் எதுக்கு, நீயே சொல்லு.

சரி, சர்ச்சில் போய் வேகட்டும் என்று தூக்கிக்கொண்டு போனேன். சுவரோரம் எல்லார் வீட்டுக் குக்கரும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு பிளக்தான் காலி. குக்கரை அதில் மாட்டி, சூட்டை ஒரேயடியாகக் கூட்டினேன். பட்டென்று ஃபியூஸ் போச்சு. விளக்கு போனது பெரிசில்லை. பெரிய காபி டிரம்மும் அணைஞ்சு போச்சு. வேகாத கறியை நம்ம சபை மன்னிக்கும், காபியை அணைச்சவனை மன்னிக்குமா? யாரும் ஒரு வார்த்தை திட்டலை. எல்லாரும் சிரிச்ச முகமா என்னையே பாத்தாங்க. திட்டியிருந்தாத் தேவலை.

ஜெனிவீவ் என் கறியில் ஒரு துண்டு எடுத்து மென்னா, மென்னா, மென்னுக்கிட்டே இருந்தா. கடைசியா, "வித்தியாசமா இருக்கு ஆர்டன்" என்றாள். இந்த ஊரில் முழுங்க முடியாததுக்கு அதுதான் பேர் என்று உனக்குத் தெரியும். பின்னாலேயே, "அடுத்த வாரம் பன்னே கொண்டுவாங்களேன்" என்று என் தோளைத் தட்டினாள். பாத்திரம் நிறைய அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்தேன். உன் குக்கரால் எனக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

உன் வீட்டில் சமாதானமும் நிறைவும் தங்கட்டும். உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்லு.

இப்படிக்கு,
ஆர்டன்

பி.கு.: குக்கரைப் பெட்டியில் வைத்துக் கட்டியும் ஆயிற்று. இன்று காலை மறுபடி பிரித்தேன், மிச்சக் கறி வீணாகக் கூடாதே என்றுதான். வெங்காயத்தோடு போட்டுவிட்டு, மூடியில் கை வைக்காமலிருக்கத் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் வீடு பூரா சமையல் வாசம். அவள் போனபிறகு இந்த வீட்டுக்குள்ள அப்படி ஒரு வாசமே இல்லை லவான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "வந்துட்டேன் மர்னா" என்று குரல் கொடுத்துவிட்டேன். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. குக்கரை அனுப்பவில்லை.