கேட்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

செல்லாண்டியம்மன் துணை

செல்லாண்டி கார்டன்,
அருள்புரம்.
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் மகுடேஸ்வரன் அவர்களுக்கு, தங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் நல்லான் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் ரங்காத்தாளும் மகள் தமிழ்மதியும் குறையில்லாமல் இருக்கிறோம். வெள்ளகோவிலில் தாங்களும் அக்காவும், அக்காவின் மூட்டுவலியும், புதிதாக வாங்கிய எருமையும் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போன் போட்டால், "அண்ணனுங்களா? இங்க குடுங்க" என்று உங்கள் தங்கச்சி பிடுங்கிக்கொள்வாள், அது என் கைக்குத் திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது. விஷயமோ வெளியே சொல்லக்கூடாதது. அதனால்தான் அவள் கறிக்கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, எட்டாம் வகுப்போடு படுத்துவிட்ட என் கையெழுத்தைத் தட்டி எழுப்பியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் தங்கள் வீட்டில் குடியிருக்கிற வடக்கத்திப் பையன் சுக்தேவை, அவன் சம்சாரத்தோடும் கைக்குழந்தையோடும், இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட வேண்டும். இது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஒருமனதாகப் போட்ட தீர்மானம். "தங்கமான பையனுங்க மச்சான்" என்று சொல்லி அவனை அந்த வீட்டில் குடிவைத்ததே நான்தான் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாங்கள் ஞாபகப்படுத்த வேண்டாம்.

சங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கார்டன் என்று பெயரே தவிர எங்கள் வீதியில் சாக்கடையில் முளைத்த பப்பாளி ஒன்றுதான் பச்சையாகத் தெரியும். அந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது, நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று அந்தத் தண்ணீருக்கே தெரியாது, தெருவிளக்கு பகலில் மட்டும் எரிகிறது என்று இதற்கெல்லாம் மனுக் கொடுக்கத்தான் சங்கம் ஆரம்பித்தார்கள். ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிற சிவபிரகாஷ் தலைவர். வீதி முனையில் மளிகைக்கடை போட்டிருக்கிற சிவகங்கைப் பக்கத்துப் பெரியகருப்பன் பொருளாளர். செயலாளர் யார் என்று கேட்டபோது எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். நின்றவனைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டருக்குச் சுருக்கத்தை எடுக்கத் தெரியும், சங்கம் நடத்தத் தெரியுமா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் தலைவர் வீட்டுக் கேட்டில் அந்த அம்பு வந்தது. கம்பெனியில் துணியைச் சோதிக்கிற செக்கிங் செக்சனில், ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ட இடத்தில் ஒட்டுவார்களே, நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதேதான். தலைவர் தன் வீட்டு வாசற்படியைச் சாக்கடை மேலேயே கட்டி வைத்திருப்பவர். இடிக்கப்போகிற வீட்டுக்குப் பஞ்சாயத்தில் இருந்து அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். யாரிடமும் மூச்சு விடாமல் கொத்தனாரை வரவைத்துப் படியை உடைத்தெறிந்தார். அன்றைக்கே சாக்கடை கலகலவென்று ஓட ஆரம்பித்தது. நாங்கள் மனு எழுதி எழுதித் தேய்ந்தும் நடக்காத காரியம் அது. மறுநாள் பார்த்தால் அவர் கேட்டில் அம்பையும் காணோம். தப்பித்தோம் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

அடுத்த அம்பு பெரியகருப்பன் வீட்டுக் கேட்டில். அவர் வீட்டுக் கரண்டைக் கடைக்கு இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். "யாத்தே, ஈபிக்காரன் மோப்பம் புடிச்சிட்டான்யா!" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய அம்பு போகவில்லை. அப்புறம் ஒன்றொன்றாக, மடியில் கனமே இல்லாத வீடுகளின் கேட்டிலும் அம்பு முளைத்தது. அப்போதுதான் எங்களுக்கு உண்மையான பயம் வந்தது. அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் யாரோ பேசி அனுப்பியது ஒன்று வந்தது. கொள்ளைக்கூட்டம் வருகிறதாம், கண்டுவைத்த வீட்டுக்கு அடையாளம் போடுகிறதாம். எந்த ஊர், பேசுகிறது யார் என்று ஒன்றுமில்லை. அந்தக் குரல் நடுங்கியது, அதனால் நாங்களும் நடுங்கினோம்.

பெரியகருப்பன் கடை வாசலில் அவசரக் கூட்டம் போட்டோம். கைரேகை அழிந்துவிடும், ஒருத்தரும் அம்பைத் தொடக்கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருபது பேர் முன்னால் பேச வாய்ப்புக் கிடைத்தால் எட்டாம் வகுப்பு சும்மா இருக்குமா? "ஏனுங்க, செக்கிங்ல அம்பு ஒட்டினா அந்தப் பீஸ் ஆகாதுன்னுதானுங்களே அர்த்தம்? அப்படீன்னா இதெல்லாம் திருடன் வேண்டாம்னு ஒதுக்கின ஊடுங்க" என்றேன்.

தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏனுங்க நல்லாண்ணா, எங்கூட்ல ரெண்டு ஏசி ஓடுது. என்ர ஊட்டப் போயித் திருடன் வேண்டாம்னு சொல்லிருவானாக்கும்?"

"கோவிச்சுக்காதீங்க தலைவரே," என்றார் பெரியகருப்பன். "ஒங்க வீட்டு அம்பத்தான் திரும்பி வந்து எடுத்துட்டுப் போயிட்டான்ல. யோசிச்சுப் பாத்திருக்கான்."

தலைவர் முகம் மலர்ந்தது. மறு நிமிடமே வெளிறியது.

அப்படியானால் அம்பு ஒட்டவே ஒட்டாத வீடு எது என்று கணக்கெடுத்தோம். வீதியிலேயே இரண்டுதான். ஒன்று என் வீடு. என் வீட்டில் எடுத்துப்போக எதுவும் இல்லை என்பதில் சங்கத்துக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. தீர்மானத்தில் அதையும் எழுதச் சொன்னார்கள், நான்தான் விட்டுவிட்டேன். இன்னொன்று சுக்தேவ் குடியிருக்கிற தங்கள் வீடு. எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. "ஊரெல்லாம் ஒட்டறவன் தன் ஊட்டுல ஒட்டுவானா?" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நானாகக்கூட இருக்கலாம்.

பையனைக் கூப்பிட்டார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தலைவருக்கு இந்தி தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தோம். "தும்... அம்பு... ஒட்டிங்?" என்று கேட்டார். பையன் தமிழில் பதில் சொன்னான்: "நான் இல்லே அண்ணா. நான் பேக்கிங். அம்பு ஸ்டிக்கர் செக்கிங்லே இருக்கு." இது செக்கிங்கில் இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. வீதியில் கறிவேப்பிலை விற்கிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம், அவனுக்கும் தெரிந்திருந்தது என்பது எங்களுக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. தோளில் இருந்த குழந்தை தலைவரைப் பார்த்துச் சிரித்தது. அதைக்கூட ஒருத்தர், "பாருங்க, பழக்கம் பண்ணுது" என்றார்.

இதற்கிடையில் எனக்கு வேறொரு கவலை. ஆகாத வீட்டுக்குத்தான் அம்பு என்றால், ஒட்டாத என் வீடு ஆகும் என்றல்லவா ஆகிறது? ரங்காத்தாள் கழுத்தில் இருப்பதாவது மிஞ்ச வேண்டாமா? கம்பெனியில் இருந்து ஒரு அம்பைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, சாயங்காலம் யாரும் பார்க்காதபோது எங்கள் கேட்டில் நானே ஒட்டினேன். தமிழ்மதி பார்த்துவிட்டாள். "அப்பா, திருடனுக்கே லீவ் லெட்டர் குடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். காலேஜில் படிக்க வைத்ததன் பலன். விடிந்து பார்க்கிறேன், அம்பைக் காணோம்! திருடன் என் வீட்டை விடுவதாக இல்லை என்று தெரிந்து அன்றைக்கு இரண்டு சட்டையைத் தீய்த்துவிட்டேன்.

அந்தப் பதற்றத்தில்தான் தீர்மானத்துக்குக் கை தூக்கினேன். "உங்க மச்சான் ஊடுதானுங்களே, நீங்களே எழுதிருங்க" என்றார் தலைவர். அவரே நேற்று சுக்தேவிடமும் போய், மாதக் கடைசிதான் கெடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இன்று காலையில்கூட அந்தப் பையன் என்னைப் பார்த்து "வணக்கம் அண்ணா" என்றான். கோபப்பட வேண்டிய மனிதன் ஏன் கோபப்படவில்லை? அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவன் சம்சாரம் மட்டும் கும்பிடவில்லை, உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு இட்லி இறங்கவில்லை. அது வாயுவாகத்தான் இருக்கும். ஆகவே தாங்கள் இதைத் தந்தி போலப் பாவித்து, உடனே பையனுக்குப் போன் போட்டு, காலி செய்யச் சொல்லிவிடவும். அடுத்த குடித்தனத்துக்கு நான் ஆள் பார்க்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

அக்காவின் மூட்டு மடங்கி நிமிரவும், எருமை இரண்டு வேளையும் உதைக்காமல் கறக்கவும், தங்கள் வாசலில் நல்லது மட்டுமே வந்து ஒட்டவும் செல்லாண்டியம்மனை வேண்டிக்கொண்டு,

தங்கள் பிரியமுள்ள,
நல்லான்
(செயலாளர், நின்றதால்)

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதில் எதையும் செய்துவிட வேண்டாம். போனைக் கையில் எடுத்திருந்தால் கீழே வைத்துவிடவும். கவர் ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தேன். ரங்காத்தாள் கறியோடு வந்துவிட்டாள். "பசை எதுக்குங்க, இத ஒட்டுங்க" என்று கண்ணாடிக்குப் பக்கத்தில், பொட்டு ஒட்டி வைக்கிற இடத்தில் இருந்து உரித்துக் கொடுத்தாள். சிவப்பு அம்பு! ஒரு வரிசையே இருக்கிறது. தினமும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் முகம் வழிக்கிறேன்.

"ஏன் புள்ள, இது ஏது?"

"செக்கிங்ல வேலைக்கு நிக்கறமுங்களே, முந்தானையில ஒட்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்துருது. தூக்கிப்போட மனசு வல்லீங்க."

"கேட்டுல எல்லாம் ஒட்டினது?"

"நாந்தானுங்க. நோம்பிக்கு ஒப்புட்டுச் சுட்டு வீதி பூராப் போசியில போட்டுக் குடுத்தனே, எவளாச்சும் பாத்திரத்தத் திருப்பிக் குடுத்தாளா? எந்தூட்டுல நிக்குதுன்னு மறந்து போகுமேன்னு அடையாளம் வெச்சேன். தலைவரூட்டுல குடுத்தாங்க, உரிச்சுப்போட்டேன். நம்மூட்டுக் கேட்டுலகூட எவனோ ஒண்ண ஒட்டியிருந்தான், அதையும் உரிச்சுப்போட்டேன். நம்ம போசிய நமக்கே யாருங்க தரோணும்?"

"இத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"உங்க சங்கத்துல பொம்பளைகளக் கூப்பிட்டீங்களா? ஆம்பளைங்க கூடிக்கூடிக் குசுகுசுங்கறீங்க, சாக்கடையப் பத்தியாக்கும்னு இருந்தேன்."

எதிர்வீட்டில் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். "சோன்மதி ஊட்டுலயா? அது மக்கா நாளு விடிஞ்சதுமே வெளக்கிக் கொண்டாந்திருச்சுங்க. வெறும் போசியாக் குடுக்கக் கூடாதுன்னு கோதுமை மாவுல என்னமோ இனிப்புச் சுட்டுப் போட்டு. நீங்கதான், 'ரங்காத்தா, இப்பத்தான் உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்குது'ன்னு ஒண்ணுவிடாமத் தின்னீங்க."

அப்புறம் கடுதாசியைப் பிடுங்கிப் படித்தாள். என்ன சொன்னாள் என்பதை எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார். நேரே எதிர்வீட்டுக்குப் போனாள், நான் பின்னாலேயே போனேன். அங்கே பாத்திரமெல்லாம் ஏறக்கட்டி வாசலில் இரண்டு மூட்டை தயாராக நின்றது. ரங்காத்தாள் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அலமாரியில் வைத்தாள். சோன்மதி அழுதாள். நான் சுக்தேவிடம், "தப்பு என்ர மேலதான் சாமி" என்றேன். அவனுக்கு முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விட்டான். சாயங்காலம் சங்கத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன், போசியோடு வரும்படி. இந்த முறை பெண்களும் வருகிறார்கள். அடுத்த செயலாளர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடுதாசியைக் கிழிக்கப்போனேன். "கிழிக்காதீங்க, எங்கண்ணனும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். கவரின் மேல் ஒட்டியிருக்கும் அம்பு பசைக்குப் பதிலாகத்தானே என்று கேட்டேன். இல்லையாம். போன நோம்பிக்கு ஒப்புட்டுப் போட்டு அனுப்பிய பெரிய தூக்குப் போசி இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறதாம். அனுப்பும்போது வெறும் போசியாக அனுப்ப வேண்டாம் என்பது என்னுடைய தனிப்பட்ட கருத்து.