ரப்பர் காட்டில் தோடி

தனக்குப் பல்வலி வருவதென்று மூக்கையா முடிவு செய்தார். கச்சேரி நாள் காலையில் வந்தால் போதும். நாகஸ்வரக்காரனுக்குப் பல்லில் வலி என்றால் யாரும் ஊதச் சொல்லமாட்டார்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மே மாத மழையில், கலவானவுக்கு மேலே அவர் இருந்த தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த கீழ் லயத்தை மூடியது. அவருக்குக் காலமெல்லாம் தவில் வாசித்த சுரேந்திரன் அதோடு போனான். மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அவர்களுக்காகத்தான் டவுன் கோயிலில் கச்சேரி. கேட்க வருகிறவர்கள் அரிசியோ துணியோ கொண்டுவர வேண்டும். மூக்கையா ஊதினால் கூட்டம் வரும்.

சாவு விழுந்த இடத்தில் மங்கல வாத்தியம் ஒலிக்கக்கூடாது. அதனால் தினமும் விடியலில் நாகஸ்வரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ரப்பர் காட்டுக்குச் சாதகம் செய்யப் போனார். அதாவது, அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். வழியில் சாலி நானாவின் டீக்கடையில் பையை மடியில் வைத்தபடி ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் ஏறியதும் திரும்பினார்.

“இன்னைக்கி என்னங்க ஊதுனீங்க?” என்பாள் மனைவி இலட்சுமி.

“தோடி. ரப்பர் மரமெல்லாம் தலைய ஆட்டுச்சு.”

“வெட்டாமலே பால் வடிஞ்சிருக்குமே!”

“கொட்டுச்சு புள்ள.”

கச்சேரி நாள் வந்தது. கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு முனகினார்.

“எந்தப் பல்லு?”

“எல்லாந்தான்.”

“அப்ப படுங்க. வேற ஆள் ஊதட்டும். சீவாளிய மட்டும் குடுங்க.”

“பையிலதான இருக்கு.”

இலட்சுமி ஒரு சின்ன டப்பாவைத் திறந்து நீட்டினாள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகள் அத்தனையும் அதில் இருந்தன. அவை இல்லாவிட்டால் நாகஸ்வரம் வெறும் மரக்குழாய்.

“மொத நாளு தொடச்சு வைக்க எடுத்தேன். திருப்பிப் போட மறந்துட்டேன். நீங்களும் தேடல. தோடிய எதுல ஊதுனீங்க?”

மூக்கையா துண்டை அவிழ்த்தார்.

“சுரேந்திரன் தவில் பக்கத்துல இல்லாம மூச்சு எழும்பல இலட்சுமி.”

“தெரியும். டீ ஆறிப்போற வரைக்கும் பைய தடவிக்கிட்டே இருக்கீங்கன்னு சாலி நானா சொன்னாரு. துக்கம் ஆறட்டும்னு சும்மா இருந்தேன். ஆனா அவன் பொஞ்சாதி ஜீவராணி புள்ளைகளோட வெறுந்தரையில கெடக்கா. அவளுக்கு உங்க அழுகையா வேணும்? அரிசி வேணும். கெளம்புங்க.”

“பல்லு...”

“மேடையில வலிச்சுக்கலாம்.”

மாலையில் கோயில் நிறைந்தது. வாசலில் அரிசிப் பைகள் குவிந்தன. முதல் வரிசையில் ஜீவராணி இருந்தாள். மேடையில் மூக்கையாவுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தவில்காரர். மூக்கையா சீவாளியை உதட்டில் வைத்தார். முதல் சுரம் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது மெல்ல எழுந்தது. ஜீவராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது கடைவாய்ப் பல்லில் சுரீரென்று ஒரு வலி. நிஜ வலி. கூட்டத்தில் இலட்சுமியைத் தேடிப் பிடித்து, கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அவள், ஊதுங்க என்று கையைக் காட்டினாள்.