மொட்டைமாடிப் பந்து குறித்து மூத்த மைத்துனருக்கு ஒரு முறையீடு

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழங்கால் சம்மதிக்கவில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கையை நீங்கள் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். சின்ன வயதில் அவளுக்குக் குறி பார்த்து எறியக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான் என்று அவளே பெருமையாகச் சொல்கிறாள். அதனால் இதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

விபத்தில் அடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்து இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். அலுவலகம் போய்க்கொண்டிருந்த வரை பஸ்ஸைப் பிடிக்கவாவது ஓடினேன். இனி வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான், படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து படுக்கை என்று என் உலகம் ஒரே அறைக்குள் சுருங்கிவிட்டது. முதலில் குஷியாகத்தான் இருந்தது. போகப் போக என்னவோ ஆகிவிட்டது, மச்சான். போன் அடித்தால் எடுக்கப் பிடிக்கவில்லை, நீங்கள் அடித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படுத்தால் தூக்கம் இல்லை, விடிந்தால் எழுந்திருக்க மனம் இல்லை, என்ன குறை என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. நசுங்கிய கார்களையே பார்த்துப் பார்த்து நானும் ஒரு மூலையில் நசுங்கிவிட்டேனோ என்று தோன்றும். ஒரு நாள் உங்கள் தங்கை, “உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாளே கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாள் பூரா உக்காந்தே இருந்தா உடம்போட சேர்ந்து மனசும் உக்காந்துடும் சார். முதல்ல எழுந்து நடங்க. அப்பவும் இப்படியே இருந்தா தயங்காம வாங்க, மேற்கொண்டு என்ன செய்யலாம்னு பாப்போம்” என்றார். பலமாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எப்படி நடப்பது என்று வீடியோ பார்த்தேன். பார்த்து முடித்ததும் களைப்பாக இருந்தது, படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது இந்த அநியாயம். எங்கள் கட்டிடம் நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது, நாங்கள் இருப்பது நான்காவதில். தலைக்கு மேலே மொட்டைமாடி. வேலையிலிருந்து திரும்பியதும் உங்கள் தங்கையும் கட்டிடத்துப் பெண்களும் அங்கே எறிபந்து ஆடுவார்கள். ஒரு மாலை உங்கள் தங்கை கதவிலிருந்தே குரல் கொடுத்தாள்: “என்னங்க, பந்து கீழ விழுந்துடுச்சு. ஆட்டம் பாதியில நிக்குது. கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்.” ஒரு தடவைதானே என்று போனேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்காரவில்லை, மறுபடியும் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் இதே கதை. எதிர்த் தையற்கடைக் கூரைத் துணியில் விழும், ஏணி கேட்டு ஏற வேண்டும். பக்கத்துக் கார் கழுவும் இடத்துத் தொட்டியில் விழும், சோப்பு நுரைக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். ஒரு நாள் மெத்தை ஏற்றிக்கொண்டு போன திறந்த லாரியில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. நான் இடுப்பில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பந்து! பந்து!” என்று கத்தியபடி சிக்னல் வரை தலைதெறிக்க ஓடினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, “ஏதோ சொந்தக்காரர விட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சு பயந்துட்டேன் சார்” என்றார்.

திரும்பி வந்து தையற்கடைப் பெஞ்சில் தொப்பென்று விழுந்தேன். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு திம் திம்மென்கிறது. டிரைவர் முகம் நினைவுக்கு வந்தது. தோள் குலுங்க ஆரம்பித்தது. தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, “பந்து சார், அழறீங்களா, சிரிக்கிறீங்களா?” என்று பதறினார். சிரிப்புத்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நான் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள். அன்றைக்கு அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். ஆனால் அது வேறு விஷயம். தெரு முழுக்க எனக்குப் ‘பந்து சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்களே, இதைக் கவனியுங்கள்.

போன வாரம் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஓசைப்படாமல் மொட்டைமாடி ஏறிப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். இரண்டாவது மாடிப் பல் டாக்டரம்மா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னிக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார். உங்கள் தங்கை கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “தையற்கடை வேணாம், நேத்துதான் போனார். கொஞ்சம் தூரமா போடுங்க” என்கிறாள்! கையும் களவுமாகப் பிடித்தேன்.

“வேணும்னேதான் போடறீங்களா?”

“பின்ன? டாக்டர் சொன்னாங்க, நடந்தீங்களா? நான் சொன்னேன், காதுல போட்டுக்கிட்டீங்களா? பந்து சொன்னா மட்டும் ஓடறீங்க.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. “அந்த அறைக்குள்ள உங்கள விட்டுட்டு தினமும் வேலைக்குப் போக எனக்கு எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா?” என்றாள். பெண்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் விறுவிறுவென்று பந்தை எடுக்கக் கீழே போனேன். அப்போது பந்து பல் டாக்டரம்மா கையிலேயேதான் இருந்தது என்பது இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

இருந்தாலும் ஒரு குடும்பத் தலைவனைச் சதி செய்து தெருவில் ஓடவிடுவது நியாயமா? கட்டிடச் செயலாளரிடம் புகார் கொடுத்துவிட்டேன். நீங்களும் அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை கடுமையாகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு. நீங்கள் எல்லோரும் நீண்ட காலம் வாழ வேண்டும். முடிந்தவரை தரைத்தளத்திலேயே வாழ வேண்டும்.

நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையோடும் வீங்கிய கெண்டைக்காலோடும்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் நிலைமை மாறிவிட்டது. என் புகாரை ஏற்றுச் செயலாளர் மொட்டைமாடியைச் சுற்றி வலை கட்டிவிட்டார். இரண்டு மாலையாக ஒரு பந்துகூட விழவில்லை. சன்னலுக்கும் நாற்காலிக்குமாக அலைந்து பார்த்தேன், பொழுதே போகவில்லை. கீழேயிருந்து தையற்காரர், “பந்து சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறார். ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதெல்லாம் ரத்து. உங்கள் தங்கையிடம் மூச்சு விடாதீர்கள். சாலைப் பக்கத்து மூலையில் வலையின் முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்று யாராவது கேட்டால், காற்று பலம் என்று சொல்லிவிடுங்கள். மன்னிக்கவும், கீழே ஏதோ விழுந்த சத்தம், போய்விட்டு...